பில்நாம் அக்கா தூங்கவில்லை

புகார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் யாரோ ஒரு பயணி ஒரு படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். படத்தில் சோக் பில்நாம் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கண்ணும் மூடியிருக்கின்றன. "மலைச்சாலையில் போகும் மினி பஸ்ஸை இந்த ஓட்டுநர் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார். எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு?"

அவர் தூங்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்து மாதம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது.

கொரியாவின் பூசான் நகரத்தில் எங்கள் கம்பெனியின் மினி பஸ்கள் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் மலைக் குடியிருப்புகளுக்கு ஓடுகின்றன. ஒரு பக்கம் படிக்கட்டு வீடுகள், மறுபக்கம் காலுக்குக் கீழே கூரைகள். பஸ் வந்தால் எதிரில் வரும் ஸ்கூட்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தடத்தில் பத்தொன்பது வருடம் ஓட்டியவர் பில்நாம் அக்கா. ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. டெப்போவில் அவரை விட்டால் இன்னொரு பெண் ஓட்டுநர் நான் மட்டும்தான். என் பெயர் மோ யோன்சுக். அவருக்கு ஐம்பத்தாறு, எனக்கு நாற்பத்தெட்டு.

வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர் அவர். பில்நாம் என்றால் 'கட்டாயம் ஆண்' என்று பொருள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அடுத்ததும் பெண்தான். "எங்கப்பாவோட கோவத்தைப் பேரா சுமந்துக்கிட்டுத் திரியறேன்டி" என்பார். குள்ளம், தடித்த மணிக்கட்டு, மூன்று நிறுத்தத்துக்குக் கேட்கும் சிரிப்பு. கண் பிறவியிலேயே சிறியது. ஐம்பதைத் தாண்டிய பிறகு மேலிமை இரண்டும் கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டது போல இறங்கிவிட்டன.

டெப்போவின் மேனேஜர் தோ அவரைக் கூப்பிட்டபோது நான் சாவி வாங்க அந்த அறையில்தான் நின்றிருந்தேன்.

"டிரைவரம்மா, என்ன இது?" என்று போனை நீட்டினார்.

அக்கா தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கிப் பார்த்தார். "என் மூஞ்சி."

"கண்ணு மூடியிருக்கே."

"தொறந்துதான் இருக்கு. என் கண்ணு இவ்வளவுதான். தினமும் பாக்குறீங்க, இன்னைக்குத்தான் தெரியுதா?"

"எனக்குத் தெரியும்மா. ஜனங்களுக்குத் தெரியணுமே. எங்க, கொஞ்சம் பெரிசா தொறங்க பாப்போம்."

அக்கா புருவத்தை உயர்த்தினார். நெற்றி முழுக்க வரி விழுந்தது.

"அவ்வளவுதானா?"

"இதுக்கு மேல தொறந்தா முழி கீழ விழுந்துடும். நீங்கதான் பொறுக்கித் தரணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "சோம்யோன் பக்கம் போனா தெருவுக்குத் தெரு கண்ணை அழகு பண்ற கிளினிக்தான். பரீட்சை முடிச்ச பொண்ணுங்க எல்லாம் வரிசையில நின்னு இமையை வெட்டித் தச்சுக்கிட்டு வருதுங்க. நீங்களும் போய்ச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி கழுவுங்க."

வண்டி கழுவுங்க! பத்தொன்பது வருடம் ஓட்டியவரிடம்! எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. அதே அறையில் எங்களோடு பஸ் ஓட்டும் பாங் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது, அவருடைய இமைத்தோல் அக்காவுடையதைவிட மோசமாகத் தொங்கும். அவரைப் பார்த்து யாரும் 'கண்ணைத் தொற' என்று சொன்னதில்லை. ஆணுடைய கண் தொங்கினால் களைப்பாம். பெண்ணுடைய கண் தொங்கினால் தூக்கமாம்.

அன்று மதியம் நூடுல்ஸ் கடையில் அக்கா சாப்பிடாமல் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யோன்சுக், நான் தூங்கல. ஆனா முழுசாத் தெரியவும் இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"மேல இருக்கிற சிக்னல் தெரியணும்னா தலையைத் தூக்கணும். சாயங்காலம் ஆனா நெத்தியில ஆணி அடிச்ச மாதிரி வலி. புருவத்தைத் தூக்கித் தூக்கியே மண்டை கனக்குது." கைப்பையைத் திறந்து ஒரு சிறு பெட்டியைக் காட்டினார். பள்ளிக்கூடப் பெண்கள் இமையில் மடிப்பு விழுந்து கண் பெரிதாகத் தெரிவதற்காக ஒட்டிக்கொள்ளும் ஒட்டுநாடா. "ரெண்டு வருசமா இதை ஒட்டித்தான் ஓட்டுறேன். இப்ப தோல் புண்ணாகிப்போய் ஒட்ட மாட்டேங்குது. அதான் போட்டோவுல அப்படி விழுந்திருக்கு."

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், நானும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே சோம்யோனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பதினோராவது மாடி, பளிங்குத் தரை, சுவர் முழுக்க ஒரே மாதிரி முகங்கள். அக்கா தன் கேள்விகளை நேர அட்டவணைத் தாளின் பின்புறத்தில் எழுதி எடுத்து வந்திருந்தார். எங்களை உட்கார வைத்தது டாக்டர் இல்லை, ஆலோசகர் என்று பட்டை குத்திய ஒரு பெண். அக்காவின் முகத்தைக் கண்ணாடியில் காட்டி, வெள்ளைப் பென்சிலால் இமையில் கோடு போட்டாள். கை இமையோடு நிற்கவில்லை. கண்ணுக்குக் கீழே போனது, அப்படியே நெற்றிக்கு ஏறியது.

"அம்மா, மேலிமையை மட்டும் தூக்கினா கீழ இருக்கிற பை தனியாத் தெரியும். நெத்தியும் சேத்துப் பண்ணிடலாம். இல்லன்னா நெத்தி உங்க வயசைக் காட்டிக் கொடுத்துடும்."

"என் வயசை யாரும் காட்டிக் கொடுக்க வேணாம்மா. நானே சொல்றேன், அம்பத்தாறு. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. வெட்டினப்புறம் தூங்கும்போது கண்ணு முழுசா மூடுமா?"

"கவலைப்படாதீங்க அம்மா."

"தழும்பு தெரியுமா?"

"கவலையே வேண்டாம்மா."

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி வருமா? மூஞ்சி வேற யாரோ மாதிரி ஆயிடாதே?"

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஆயிடுவீங்க."

"எத்தனை நாள் கழிச்சு வண்டி ஓட்டலாம்?"

"எல்லாம் சீக்கிரமே அம்மா."

அக்கா தாளை மடித்தார். "கடைசியா ஒண்ணு. கத்தியைப் பிடிக்கப்போறது நான் பாத்துப் பேசுற டாக்டரா, இல்ல நான் மயங்கினதும் வேற ஆள் வருவாரா?"

"எங்க டாக்டருங்க எல்லாருமே திறமைசாலிங்கம்மா."

"நான் அதைக் கேக்கல."

அந்தப் பெண் புன்னகை மாறாமல், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டு என்றாள். அக்கா எழுந்துவிட்டார். முகத்தில் அந்த வெள்ளைப் பென்சில் கோடுகளோடு நின்று சத்தம் போட்டார். காத்திருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு மணி நேரமா என் மூஞ்சியைப் பாக்குற. உனக்கு என்ன தெரியலைன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நான் கல்யாணத்துக்கா வந்தேன்? சிக்னல் தெரியலைன்னு வந்தேன்டி!"

லிப்ட்டில் இறங்கும்போது என் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அந்தக் கோடுகளைத் துடைத்துவிட்டேன்.

அவருடைய மகள் தான்பி உல்சானில் பல் டாக்டரிடம் நர்சாக இருக்கிறாள். அவள்தான் போனில், "அம்மா, அழகு கிளினிக்குக்கு ஏன் போனே? கண் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் பண்ணிக்கிட்டப்ப திட்டுனியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். பள்ளி முடித்த வருடம் தான்பியும் இமையில் மடிப்பு வைத்துக்கொண்டவள்தான். வேலைக்கு மனுப் போடும் இடத்திலெல்லாம் போட்டோ கேட்கிறார்கள் என்று அழுதாள். அக்கா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

"திட்டினேன்தான்" என்றார் அக்கா. "போட்டோ கேட்டவனைத் திட்டியிருக்கணும். உன்னைத் திட்டிட்டேன்."

கண் ஆஸ்பத்திரியில் மா என்ற டாக்டரம்மா பார்த்தார். நரைத்த தலை, அதிகம் பேசாதவர். முதலில் தன் கட்டைவிரலை அக்காவின் புருவத்துக்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "இப்ப கண்ணைத் தொறங்க" என்றார். புருவம் உதவிக்கு வர முடியவில்லை. இமை கருவிழியின் நடுவிலேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள்; உள்ளே சின்னச் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இமையை அப்படியே விட்டு ஒரு முறை, நாடாவால் தூக்கி ஒட்டி ஒரு முறை. வந்த இரண்டு தாள்களையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் தாளில் மேல்பாதி முழுக்கக் கருப்பு.

"இந்தக் கருப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியாத இடம்" என்றார்.

அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோல் மட்டும் தொங்கல. இமையைத் தூக்குற தசையும் தளந்துபோச்சு. அதை இழுத்துத் தைக்கணும். பார்வைக்காகப் பண்றதால இன்சூரன்ஸ் ஏத்துக்கும்." நேர அட்டவணைத் தாளை வாங்கி ஒவ்வொரு கேள்வியாகப் பதில் சொன்னார். சில வாரம் கண் முழுசா மூடாது, எரியும், சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தழும்பு இமை மடிப்பில் மறைந்துவிடும், ஆனால் சில மாதம் சிவப்பாக இருக்கும். முகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். "ரெண்டும் ஒரே உயரத்துல வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணுவேன். வெட்டுறது நான்தான், வேற யாரும் இல்ல. வீட்டுக்குப் போனப்புறம் திடீர்னு பயங்கர வலியோ, பார்வை மங்குறதோ இருந்தா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே வாங்க."

"வண்டி?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இந்தக் கண்ணோட நீங்க இவ்வளவு நாள் வண்டி ஓட்டியிருக்கக் கூடாது."

அதுதான் அக்காவை அடித்துப் போட்டது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் மூன்று பஸ்ஸை விட்டார். "வருசா வருசம் கம்பெனி கண்ணு டெஸ்ட் வைக்குதே யோன்சுக். நேரா இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொல்லுவான். நான் புருவத்தைத் தூக்கிப் படிப்பேன். பாஸ்னு முத்திரை குத்துவான். ஒருத்தனுக்கும் தெரியலையா? நானாவது சொல்லியிருக்கணும். புள்ளைங்க ஏறுற வண்டிடி அது."

அறுவை சிகிச்சை நடந்த நாள் நான் விடுப்புப் போட்டேன். மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போகும் ஊசி மட்டும். நடுவில் இரண்டு முறை எழுப்பி உட்கார வைத்து, கண்ணைத் திறந்து மூடச் சொல்லி உயரம் பார்த்தார்களாம். "வலிக்கல. ஆனா கத்தரிக்கோல் சத்தம் நல்லாக் கேட்டுச்சு, துணி வெட்டுற மாதிரி" என்றார். ஒரு வாரம் முகம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. தான்பி உல்சானிலிருந்து பெட்டி நிறையப் பூசணிச் சாறு கொண்டுவந்து, வீக்கம் வடியும் என்று வேளாவேளைக்குக் குடிக்க வைத்தாள். தையல் பிரித்தபோது இடது இமை வலதைவிடக் கொஞ்சம் மேலே நின்றது.

சந்தைக்குக் காய் வாங்கப் போனோம். மீன்காரி முதலில் ஆரம்பித்தாள். "அடியாத்தி! யாரு இது? புதுப் பொண்ணா? யாருக்காகடி இந்த வயசுல இந்த அலங்காரம்?"

"உனக்காகத்தான். உன் தராசு முள்ளு இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றார் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் மீன்காரி வாயை மூடிக்கொண்டாள்.

வாய்ப்பேச்சையெல்லாம் அவர் சமாளித்துவிடுவார். அவரால் தாங்க முடியாமல் போனது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தான்பி போனில் அந்தப் பழைய புகாரைத் தேடி எடுத்தாள். அதன் கீழே எங்கள் கம்பெனியின் பதில் இருந்தது. புகார் வந்த அதே செவ்வாய்க்கிழமை மாலை போட்ட பதில். அவள் உரக்கப் படித்தாள்: "குறிப்பிட்ட ஓட்டுநர் பணி நேரத்தில் உறங்கியது உறுதி செய்யப்பட்டு, அவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது."

யார் உறுதி செய்தது? எதைப் பார்த்து? அக்காவின் முகத்துக்கு நேரே 'எனக்குத் தெரியும்' என்று சொன்ன மனிதர், சாயங்காலம் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்!

மறுநாள் அக்கா டெப்போவுக்கு வந்தபோது நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார்.

"நான் தூங்கினேன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். அக்கா சாத்தவில்லை. "டிரைவரம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. அன்னைக்கே பதில் போடணும். 'தூங்கல, கண்ணு மறைக்குது'ன்னு எழுதினா, கண்ணு தெரியாத ஆளை ஏன் ஓட்ட விட்டீங்கன்னு கம்பெனியைக் கேப்பாங்க. தூக்கம்னு எழுதினா ஒரு ஆளோட தப்பா முடிஞ்சிடும்."

"என் தப்பா முடிச்சிட்டீங்க."

"ஒரு வரிதானே? யாரு படிக்கப்போறா?"

"என் பொண்ணு படிச்சா."

மேனேஜர் தாள்களைத் திருப்பித் தள்ளினார். "இது அழகுக்காகப் பண்ணிக்கிட்ட சொந்த விஷயம். லீவும் அப்படித்தான் எழுதியிருக்கு. தடத்தை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு."

அழகுக்காகவாம். போய்ச் சரி பண்ணிக்கொண்டு வா என்று சொன்ன வாய் அதே வாய்தான்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்தார். மதிய இடைவேளை, ஓட்டுநர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் ஏழு பேர். அக்கா பாங் அண்ணன் முன்னால் போய் நின்று, கட்டைவிரலால் அவர் புருவத்துக்கு மேல் அழுத்தினார்.

"ஏய், என்ன பண்றே?"

"அண்ணே, தலையைத் தூக்காம சொல்லுங்க. கதவுக்கு மேல கடிகாரத்துல மணி என்ன?"

"எந்தக் கடிகாரம்?"

யாரும் சிரிக்கவில்லை. பாங் அண்ணன் அக்காவின் கையைத் தள்ளினார். புருவம் ஏறியதும் கடிகாரம் தெரிந்தது. அவரே மறுபடியும் தன் விரலால் நெற்றியை அழுத்திப் பார்த்தார். விட்டார். அழுத்தினார். அக்கா ஏழு பேரிடமும் வரிசையாகப் போனார். மூன்று பேருக்குக் கடிகாரம் தெரியவில்லை. மேனேஜர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரு" என்றார் அக்கா, அவரைப் பார்த்து. "இவங்க எல்லாரும் தூங்குறாங்கன்னு எழுதுங்க."

பாங் அண்ணன் உள்ளே போய் வண்டிச் சாவியை மேனேஜரின் மேசையில் வைத்தார். "ஆஸ்பத்திரியில காட்டாம நான் வண்டியை எடுக்க மாட்டேன். மேல ஒரு புள்ளை படிக்கட்டுல ஓடி வந்தா எனக்குத் தெரியுமான்னு எனக்கே தெரியல." மற்ற இரண்டு பேரும் வைத்தார்கள். நானும் வைத்தேன், எனக்குக் கண் நன்றாகத் தெரியும், கோபத்தில் வைத்தேன். அன்று பிற்பகல் மலைக்கு நான்கு பஸ் குறைவாகப் போனது. ஜனங்கள் தொலைபேசியில் கம்பெனியைக் கிழித்தார்கள். மாலைக்குள் முதலாளியே வந்துவிட்டார்.

எல்லாம் சினிமா போல ஒரே நாளில் நேராகிவிடவில்லை. மூன்று பேருக்கும் சோதனை நடந்தது. இரண்டு பேர் இமையைத் தூக்கித் தைத்துக்கொண்டார்கள். பாங் அண்ணன்தான் கடைசி வரை இழுத்தார். "ஆம்பளை போய் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஊரு சிரிக்கும்" என்றார். "என்னைப் பாத்துச் சிரிச்சப்ப நீங்களும்தான் சிரிச்சீங்க. ஒண்ணும் செத்துப்போகல. வாங்க" என்று அக்காவே கூட்டிக்கொண்டு போனார். வருடாந்திரச் சோதனையில் ஐம்பது தாண்டியவர்களுக்கு அந்தக் கிண்ணக் கருவிச் சோதனையும் சேர்ந்தது. அக்காவுக்குப் பழைய தடம் திரும்பக் கிடைத்தது.

இணையப் பக்கத்துப் பதில் மாற இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதற்காக அவர் எத்தனை கடிதம் எழுதினார் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் கம்பெனி போட்டது ஒரே வரி: "ஓட்டுநர் உறங்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது." வருந்துகிறோம் என்ற சொல் இல்லை. பின்னர் தெரியவந்ததாம்! முன்னரே தெரியும் என்று நானே காதால் கேட்டேனே.

இடது இமை இப்போதும் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. ஆறு மாதம் கழித்து டாக்டர் மா, வேண்டுமானால் சரிசெய்து தருகிறேன் என்றார். அக்கா வேண்டாமென்றுவிட்டார். குளிர்காலத்தில் கண் காய்ந்துபோகும். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொட்டு மருந்து விட்டுக்கொள்வார்.

அந்தப் படத்தை எடுத்த பயணி யாரென்று கடைசி வரை தெரியவில்லை. ஒரு நாள் நான் அந்த ஆளைத் திட்டினேன். அக்கா தடுத்தார்.

"அவனை விடு. அவன் பயந்தான், எழுதினான். நான் ஏறி உக்காந்திருந்தா நானும் எழுதியிருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே எழுதினவன்தான் என் கணக்குல இருக்கான்."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. தோ மேனேஜர் தினமும் காலையில் டெப்போ வாசலில் நின்று எல்லா ஓட்டுநர்களுக்கும் தலை வணங்குகிறார். பில்நாம் அக்கா அவரைத் தாண்டிப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறார். ஒரு நாள்கூட அவருக்குத் திருப்பி வணக்கம் சொன்னதில்லை.